ஹேண்டில் இல்லாமல் நாமக்கல் வரை

அன்று காலை கார் கொட்டகை முன்னால் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கார் பக்கம் பார்க்கவில்லை.

முதலாளியின் மனைவி. நாங்கள் அம்மா என்போம். கையில் ஆரத்தித் தட்டு.

தரகர். அவர் மாட்டுத் தரகர். கார் தரகர் என்று ஆட்டையாம்பட்டியில் அப்போது யாரும் கிடையாது. தோளில் சிவப்புத் துண்டு.

பண்ணையாள். மாட்டுக்குச் சோளத்தட்டு போட வந்தவர். காரின் முன்னால் குனிந்து, ஹேண்டில் போட்டுச் சுற்றி எஞ்சினைக் கிளப்பிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

நான். டிரைவர். ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருந்தேன். கால் ஆக்ஸிலேட்டரில்.

அவ்வளவுதான். காரையும் சேர்த்தால் ஆறு.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் என்று நினைக்கிறேன். மாசி மாதம். வெயில் இன்னும் ஏறவில்லை.

கார் விற்றாகிவிட்டது. முதலாளிக்குச் சேலை வியாபாரம், கொஞ்சம் நிலமும் உண்டு. மதராசிலிருந்து புது வண்டி வரப்போகிறது. கொட்டகையில் ஒரு வண்டிக்குத்தான் இடம். பழையதை வாங்குகிறவர் நாமக்கல்காரர். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். தரகர் அங்கே போய், அவர் கையைத் துண்டுக்குள் பிடித்து, விரலாலேயே பேசி முடித்துவிட்டு வந்திருந்தார். மாட்டுச் சந்தையில் செய்கிற அதே மாதிரி. விலை எனக்குத் தெரியாது. கேட்கவில்லை.

பேச்சு மட்டும் எனக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் தரகர் முதலாளியிடம் சொல்லும்போது பக்கத்தில் இருந்தேன்.

"அவரு ஒரே பேச்சுங்க. வண்டி தானா ஓடி வந்து, அங்க நிறுத்தி மறுக்காக் கெளப்புனாக் கெளம்போணும். கெளம்பிச்சுன்னா வாடகை வண்டியா ஓட்டுவாரு. இல்லீன்னா எஞ்சினைக் கழட்டிக் கெணத்து மேட்டுல வெச்சுத் தண்ணி எறைப்பாரு. மிச்சத்தை ஒடச்சுப் பழைய இரும்புக்குப் போட்டுருவாரு. ரெண்டுக்கும் வெல ஒண்ணுதானுங்க."

"ஒரே வெலயா?" என்றார் முதலாளி.

"ஒரே வெலதானுங்க. உங்களுக்கு நட்டமில்லீங்க."

முதலாளிக்கு நட்டமில்லை. தரகருக்கும் இல்லை.

நான் அந்தக் காரைப் பதினோரு வருஷம் ஓட்டியவன். மூன்றாவது வரைதான் படிப்பு. ஓட்டக் கற்றது உலகச் சண்டைக் காலத்தில், சேலத்தில். இந்த வண்டியும் சண்டைக்கு முந்தினது. பெட்ரோல் கிடைக்காத வருஷங்களில் யாரோ கரி அடுப்பு கட்டி, அந்த வாயுவில் ஓட்டியிருக்கிறார்கள். பின்பக்கம் அதைப் பிடித்திருந்த நாலு ஓட்டை உண்டு. ஓட்டைக்கு நான் தகரம் அடித்தேன். இடது பின்கதவு திறக்காது. டிரைவர் கதவைச் சற்றுத் தூக்கிச் சாத்த வேண்டும். மழைக்கு வைப்பரைக் கையால் தள்ள வேண்டும். ஊரில் அதைக் கார் என்று யாரும் சொல்வதில்லை. பிளசர் என்பார்கள்.

கல்யாணப் பெண்கள் அதில் போனார்கள். சேலை மூட்டை போனது. ஒரு தடவை பிணம் போனது. என் சம்சாரத்துக்கு வலி எடுத்தபோது சேலம் ஆஸ்பத்திரிக்கு அதில்தான் கொண்டுபோனேன். முதலாளியே எடுத்துக்கொண்டு போ என்றார். கொண்டலாம்பட்டி வருவதற்குள் பின்சீட்டிலேயே மகள் பிறந்துவிட்டாள். நான் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தி என்ன செய்ய. ஓட்டிக்கொண்டே போய்ச் சேர்த்தேன். காரை விற்ற அன்று அவளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவளிடம் சொல்லவில்லை.

ஆரத்தி சுற்றியானது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நான் கியரில் கை வைத்தேன். அம்மா வழியில் நின்றார்.

"கயித்த எடுத்துட்டீங்களா?" என்றார்.

எங்கள் பக்கம் மாடு விற்றால் கயிறு கொடுப்பதில்லை. வாங்குகிறவர்தான் புதுக் கயிறு கொண்டுவந்து கட்டி ஓட்டிப்போக வேண்டும். பழைய கயிறு தொழுவத்தில் தொங்கும். கயிறு போனால் மிச்சம் இருக்கிற உருப்படியும் பின்னாலேயே போய்விடும் என்பார்கள். நான் வேதக்காரன், கிறிஸ்தவன். சாமியார் இதையெல்லாம் கூடாது என்பார். என் அப்பா பாரவண்டி ஓட்டியவர். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போவார். மாடு விற்றால் கயிறு மட்டும் கொடுக்க மாட்டார்.

"பிளசருக்கு ஏது கயிறு?" என்றார் முதலாளி.

"என்னமோ ஒண்ணு இருக்குமல்லங்க. வெறுங்கொட்டாயா உட்டுட்டு அதை அனுப்பப்படாது."

"ஒரு உருப்படியும் கயித்தோட நான் வித்ததில்லீங்க" என்றார் தரகர். "அம்மா சொல்றது ஞாயந்தானுங்க."

"அப்ப ஹாரனைக் கழட்டி வெச்சுக்கலாமா?" என்றார் முதலாளி.

"ஹாரன் இல்லாம ராசிபுரம் சந்தையில எப்படிங்க பூந்து போறது? ஆட்டு மேல ஏத்திப்போட்டு நான் பதில் சொல்லோணுமா?" என்றேன்.

பண்ணையாள் கையில் ஹேண்டில் இருந்தது. சுற்றிவிட்டு இன்னும் கீழே வைக்கவில்லை.

"ஏனுங்க, இது இருக்குதுங்களே" என்றார். "தெனம் இதைப் புடிச்சுத்தானே எழுப்பறோம். மூக்கணாங்கயிறு மாதிரித்தான."

அம்மாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. வாங்கினார். முனையில் குங்குமம் வைத்தார். முதலாளி என்னைப் பார்த்தார்.

"என்ன டிரைவரே? வேணுமா அது?"

"ஓடிட்டுத்தானுங்களே இருக்குது" என்றேன்.

அந்த ஹேண்டிலில் என் கை பிடிக்கிற இடம் தேய்ந்து வெள்ளையாக இருக்கும். அது இங்கேயே இருக்கட்டும் என்று எனக்கும் இருந்தது. அதனால்தான் அப்படிச் சொன்னேன். அம்மா தொழுவத்துக்குள் போய் ஆணியில் கயிறுகளோடு சேர்த்து மாட்டுவதை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தேன். தரகர் ஏறினார். கிளம்பினோம். சக்கரம் நாலு பழத்தையும் நசுக்கியது.

ஊர்க்கோடி தாண்டும்போதுதான் உறைத்தது.

எஞ்சினைத் தானாகக் கிளப்புகிற செல்ப் மோட்டாரைக் கழற்றிப் போட்டு ஆறு வருஷம் ஆகிறது. ஹேண்டில் போட்டால்தான் எஞ்சின் கிளம்பும். தள்ளிக் கிளப்பலாம். அதற்கு எட்டுப் பத்துப் பேர் வேண்டும். அந்தக் காலத்து வண்டி, அத்தனையும் இரும்பு. அது போகட்டும், ஓடுகிற எஞ்சினும் ஒழுங்காக ஓடவில்லை. ஒரு மாதமாகக் கார்புரேட்டர் சரியில்லை. காலை எடுத்தால் அணைந்துவிடும்.

நாமக்கல்லுக்கு இருபத்தெட்டு மைல். கால் எடுக்கக் கூடாது. இறங்கக் கூடாது. எஞ்சின் நிற்கக் கூடாது.

தரகர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வெண்ணந்தூர் வந்தது.

"டிரைவரே, இந்த முக்குல ஒரு டீக்கடை. இஞ்சி தட்டிப் போடுவான். நிறுத்துங்க."

"நிறுத்த முடியாதுங்க."

"ஏனுங்க?"

"நின்னா கெளப்ப ஹேண்டில் இல்லீங்க."

அவர் வெற்றிலையை வெளியே துப்பினார். அப்புறம், "ஆமால்ல" என்றார். "அம்மா கேக்கறப்பவே இதைச் சொல்லியிருக்கலாமல்லங்க?"

"நீங்கதானுங்க ஞாயம்னு சொன்னீங்க."

"நான் மாட்டுக்குச் சொன்னனுங்க!"

"போயி எடுத்துட்டு வந்துரலாமா?" என்று நான்தான் கேட்டேன்.

தரகர் காதைப் பொத்திக்கொண்டார். "வித்த உருப்படி அந்த ஊட்டு வாசலுக்குத் திரும்பி வரப்படாதுங்க. ஆரத்தி சுத்தியாச்சு. இப்பப் போயிக் கயித்தக் குடுங்கன்னு கேட்டா அந்தம்மா என்னை அந்தப் பக்கமே உட மாட்டாங்க. என்ற பொழப்புப் போயிரும். ஓட்டுங்க, ஓட்டுங்க."

ஓட்டினேன். ஸ்டீயரிங் நடுங்கியது. அது எப்போதும் நடுங்குவதுதான். எதிரே வண்டி வந்தால் வேகம் குறைக்க வேண்டும், குறைத்தால் எஞ்சின் இருமும். இருமினால் காலை அழுத்த வேண்டும், அழுத்தினால் பாயும். ஒரு காலால் பிரேக், ஒரு காலால் ஆக்ஸிலேட்டர். கிளட்சுக்கு மூன்றாவது கால் இல்லை. குதிகாலைப் பிரேக்கில் வைத்து, விரலால் ஆக்ஸிலேட்டரை மிதித்து ஓட்டினேன். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

ராசிபுரத்தில் சந்தை. காலையில் ஹாரனுக்காகச் சொன்னவன், அப்புறம் அதை மறந்தே போனேன். தெரு நிறைய மாடு. ஒவ்வொரு மாட்டுக்காரரும் தரகருக்குத் தெரிந்தவர். ஒருவர் வண்டிக்கு முன்னால் வந்து கையை நீட்டி நிறுத்தினார்.

"என்ன தரகரே, மாட்டை உட்டுட்டுப் பிளசருக்கு மாறிட்டீங்களாக்கும்?"

"வழி உடு சாமி, அவசரம்."

"பல்லைப் புடிச்சுப் பாத்தீங்களா? எத்தன பல்லு?"

"எல்லாப் பல்லும் உழுந்தாச்சு. நீ வழி உடு."

"பொகையைப் பாத்தா மூணு நாளா அசை போடாத மாடாட்டத் தெரியுது. வேப்பெண்ணெய் குடுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் பானட்டைத் தட்டிப் பார்த்தார். ஒருவர், மாட்டுக்குப் பார்க்கிற மாதிரி, சுழி எங்கே இருக்கிறது என்று கேட்டார். நான் ஹாரனை விடாமல் அமுக்கினேன். ஒரு கன்று மிரண்டு ஓடியது. அதன் பின்னால் அதன் ஆள் ஓடினார். அந்த இடைவெளியில் புகுந்துவிட்டேன்.

பெட்ரோல் ஊற்ற வேண்டியிருந்தது. பங்க்கில் ஓரமாக ஒதுக்கினேன். ஊற்றுகிற ஆள் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"எஞ்சினை நிறுத்துங்க."

"நிறுத்தறாப்பல இல்லீங்க."

"நிறுத்துனாத்தான் ஊத்துவேன். தீப் புடிச்சா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

அவர் சொன்னது சரி. நான் வண்டியைப் புளியமரத்தடிக்குக் கொண்டுபோய்விட்டேன். தரகர் ஒரு தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்து போய் வாங்கிவந்தார். டேங்க் மூடியைத் திறக்க அவருக்குத் தெரியவில்லை. நான் இறங்க முடியாது. தலையை வெளியே நீட்டி, இடது பக்கம் திருகுங்க, உங்க இடது இல்லை, வண்டிக்கு இடது என்று கத்தினேன். பாதி உள்ளே போனது. பாதி அவர் வேட்டியில். எஞ்சின் ஓட ஓட பெட்ரோல் ஊற்றினோம். அன்று வேறு நினைப்பு.

"வெத்தல போட்டாச்சு, சுண்ணாம்பு போட்டாச்சு, பொயில போட்டாச்சு" என்றார் தரகர் ஏறி உட்கார்ந்து. "இப்பப் பெட்ரோலும் போட்டாச்சு. பீடி மட்டும் பத்த வெக்க உட மாட்டீங்க போல."

நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

ராசிபுரம் தாண்டி மெயின் ரோடு ஏறினோம். வெயில் ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் நிலக்கடலை பிடுங்கிப் போட்டிருந்தார்கள். ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி வர ஆரம்பித்தது. முதலில் நூல் மாதிரி. அப்புறம் கெட்டில் மாதிரி. புதுச்சத்திரம் இன்னும் இரண்டு மைல்.

தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் கிணற்றுக்குக்கூட ஆகாது. நிறுத்தி ஆறவிட்டால் எஞ்சின் பிழைக்கும். ஆனால் நடுரோட்டில் நிற்கும். மாடு கட்டித்தான் இழுக்க வேண்டும். இழுத்துப் போனால் கிணறு.

ரோட்டோரம் ஒரு கிணறு தெரிந்தது. ஒரு பெண் குடத்தோடு வந்துகொண்டிருந்தார். வண்டியை ஒதுக்கினேன். காலை எடுக்கவில்லை.

"அம்மணி, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று தரகர் இறங்கி ஓடினார்.

"உங்களுக்கா, பிளசருக்கா?"

"பிளசருக்குத்தானுங்க."

"பெருமூச்சு உடுதே. வெந்தண்ணி வெச்சுக் குளிக்கப் போகுதா? இந்தாங்க. மண்கொடம், ஒடச்சுப்போடாதீங்க."

மூடியைத் துண்டு சுற்றித் திறக்கச் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாக, சிந்தாமல், எஞ்சின் ஓடும்போதே விடச் சொன்னேன். தரகர் மாட்டுக்கு மருந்து கொட்டுகிறவர். பயமில்லாமல்தான் போனார். மூடி திறந்ததும் ஆவி ஆளுயரம் எழும்பியது. அவர் ஐயோ என்று பின்னால் துள்ளினார். குடம் கீழே விழுந்து உடைந்தது.

அந்தப் பெண் பேசியதை எல்லாம் எழுத முடியாது. கடைசியில், "உங்க பிளசரு முக்குத் திரும்பறதுக்குள்ள நாசமாப் போக" என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

"அப்படிச் சொல்லாதீங்க அம்மணி" என்றேன். "அதுக்கு இன்னைக்குத்தானுங்க கடைசி."

"கடைசின்னா?"

"வித்தாச்சுங்க. இது ஓடிப் போயிச் சேந்தாத்தான் ஓட்டுவாங்க. நின்னுதுன்னா ஒடச்சுருவாங்க."

அவர் என்னைப் பார்த்தார். காரைப் பார்த்தார். கிணற்று மேட்டுக்குப் போய் வாளியில் சேந்திக்கொண்டு வந்தார். தரகரைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு அவரே ஊற்றினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெதுவாக, தாரையாக. நான்கு வாளி. எஞ்சின் சத்தம் மாறியது. மூடியையும் அவரே திருகினார்.

"போங்க" என்றார். "கொடம் போனாப் போகுது."

தரகர் ஏறும்போது கும்பிட்டார். நான் கும்பிடவில்லை. கை ஸ்டீயரிங்கில் இருந்தது.

நாமக்கல் மலை தெரிந்தது. அப்போது அந்த ஊரில் பட்டறைகள் இன்றைக்கு இருக்கிற அளவுக்கு இல்லை. ரோட்டோரம் ஒரு நீளக் கீற்றுக் கொட்டகை. அதற்குள் மேல்கூடு இல்லாத லாரி ஒன்று. மரத்தூள், உலை, சுத்தியல் சத்தம். வாசலில் ஒரு ஜோடி மாடு நுகத்தடியோடு நின்றது. எங்களை இழுத்துவரத்தான். பட்டறைக்காரர் அவ்வளவு நம்பிக்கையோடு இருந்திருக்கிறார்.

அவர் பனியனோடு வந்தார். காதில் பென்சில். வண்டி வாசல் தாண்டி உள்ளே வந்து நின்றதைப் பார்த்தார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டார்.

"அட. வந்துட்டானுக" என்றார். மாட்டுக்காரரைப் பார்த்து, "அவுத்து உடப்பா" என்றார்.

எனக்கு அப்போதுதான் முதுகு சீட்டில் பட்டது.

"செரி, நிறுத்துங்க" என்றார்.

காலை எடுத்தேன். இரண்டு தடவை குலுங்கியது. நின்றது. காது அடைத்த மாதிரி இருந்தது.

"இப்பக் கெளப்புங்க."

அவரே காரின் முன்பக்கம் வந்து குனிந்து பார்த்தார்.

"ஹேண்டில் எங்கீங்க?"

நான் தரகரைப் பார்த்தேன். தரகர் மலையைப் பார்த்தார்.

"கயிறு குடுக்கற வழக்கம் இல்லீங்களே" என்றார்.

"கயிறா?"

தரகர் நடந்ததைச் சொன்னார். பண்ணையாள் சொன்னது, குங்குமம் வைத்தது, ஆணியில் மாட்டியது, எல்லாம். பட்டறையில் சுத்தியல் நின்றுவிட்டது. ஆட்கள் வந்து சுற்றி நின்று கேட்டார்கள். ஒருவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பட்டறைக்காரர் சிரிக்கவில்லை. அவருக்கும் தோட்டம், மாடு எல்லாம் உண்டு.

"வழி பூரா எஞ்சினை நிறுத்தவே இல்லீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லீங்க."

"ஒண்ணுக்கு?"

"இல்லீங்க."

பென்சிலை எடுத்துத் திரும்பக் காதில் வைத்தார்.

"அந்தம்மா பண்ணுனது செரிதான்" என்றார். "வாங்கறவன்தான் கயிறு கொண்டாரோணும். அது என்ற தப்பு." உலைக்காரரைக் கூப்பிட்டார். "இதுக்கு ஒரு ஹேண்டில் அடிங்க."

"சூடா இருக்கறப்ப அஞ்சு சுத்துல எந்திரிச்சுரும்ங்க" என்றேன். "ஆறிப்போனா பதினஞ்சுக்கு மேல ஆவும். வெரசா அடிச்சாத் தேவலைங்க."

"இரும்பு காஞ்சாத்தானே வளையும்" என்றார் உலைக்காரர். "நீங்க சொன்னாக் காயுமா?"

பட்டறைக்காரர் என்னிடம் திரும்பினார். "மாடு வாங்கினா ஏர்ல பூட்டி மூணு சால் ஓட்டிப் பாப்பேன். இதுக்கு இருவது சுத்து. என்ற டிரைவரு சுத்துவாரு. இனி தெனம் சுத்தறது அவருதானே. நீங்க தொடக் கூடாது. இருவதுக்குள்ள எந்திரிச்சா வண்டி. எந்திரிக்கலீன்னா, நான் சொன்னது சொன்னதுதான்."

அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

உலைக்காரர் ஒரு ஈர்க்குச்சியை ரேடியேட்டருக்குக் கீழே இருக்கிற துளையில் விட்டு நீளம் அளந்தார். கம்பி தேடினார். கிடைத்தது போதவில்லை. வேறு தேடினார். உலையில் வைத்தார். துருத்தி ஊதினார்கள். நான் இரண்டு சாக்கு கேட்டு வாங்கி பானட் மேல் போட்டேன். சூடு போகாமல் இருக்க. தரகர் தன் துண்டையும் அதன் மேல் போட்டார். காய்ச்சல்காரருக்குப் போர்த்துகிற மாதிரி இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

என்னால் நிற்க முடியவில்லை. வண்டியைச் சுற்றி வந்தேன். கண்ணாடி துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது. உலைக்குப் போனேன். திரும்பி வந்தேன். சாக்குக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது. இன்னொரு தடவை பார்த்தேன். குறைந்திருந்தது. கம்பியை இரண்டாக வளைத்தாகிவிட்டது. முனையில் குறுக்காணி அடிக்கத் துளை போட வேண்டும். துளை போடுகிறவர் சாப்பிடப் போயிருந்தார்.

அவர் வந்து, துளை போட்டு, ஆணி அடித்து, தண்ணீரில் தோய்த்து எடுத்தபோது உச்சி சாய்ந்துவிட்டது. சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். பானட் சூடு வெறும் வெயில் சூடு.

அவர்களுடைய டிரைவர் வந்தார். லாரி ஓட்டுகிறவர். நல்ல ஆகிருதி. நான் டிரைவர் கதவைத் திறந்து காட்டினேன்.

"இதைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தோணுங்க."

"செரிங்க."

"சோக்கு பாதி இழுத்தாப் போதும். முழுசா இழுத்தா பெட்ரோல் அடைச்சுக்கும்ங்க."

"செரிங்க, செரிங்க."

"கட்டை வெரலை மடக்காதீங்க. திருப்பி அடிக்கும்."

"லாரி சுத்தற கைங்க இது" என்று விரித்துக் காட்டினார். "போயி நெழல்ல உக்காருங்க."

பட்டறை ஆள் ஒருவர் என் இடத்தில் ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரில் கால் வைத்தார். சோக்கை இழுத்தார். முழுதாக இழுத்துவிட்டார். நான் பார்த்தேன். வாயைத் திறந்தேன். பட்டறைக்காரர் கையைக் காட்டினார். மூடிக்கொண்டேன்.

சீட்டின் அடியில் இருந்த என் துணிப்பையை எடுத்துக்கொண்டேன். மட்கார்டு மேல் ஒரு தடவை கை வைத்தேன். அவ்வளவுதான். நான் போறனுங்க என்று தரகரிடம் சொன்னேன்.

"பாத்துட்டுப் போங்க டிரைவரே. ரெண்டு நிமிசம்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க."

பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

ரோட்டுக்கு வந்து நடந்தேன். பின்னால் சுற்ற ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு உறுமல், பின்னால் ஒரு பெருமூச்சு. ஒன்று. இரண்டு. எண்ண வேண்டாம் என்று நினைத்தேன். எண்ணினேன். ஆறு வரைக்கும் ஒரே வேகமாகச் சுற்றினார். லாரி சுற்றுகிற மாதிரி. இதற்கு அது ஆகாது. விட்டு விட்டுச் சுற்ற வேண்டும். ஒன்பது. பத்து. வழியில் ஒரு கட்டில் கடைக்காரர், எந்த ஊருங்க என்று கேட்டார். பதினொன்று. ஒரு தும்மல் கேட்டது. நின்றேன். எஞ்சின் பிடிக்கவில்லை. பதினான்கில் சத்தம் அடங்கிவிட்டது.

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பாதியில் விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். கை சளைத்திருக்கும். அல்லது அடைத்துக்கொண்டது அவருக்கும் தெரிந்து, சோக்கைத் தள்ளிவிட்டுக் காத்திருக்கலாம். திரும்பிப் போகலாமா என்று இருந்தது. போய் என்ன செய்ய. தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனேன். திரும்ப இந்தப் பக்கம் வந்தேன்.

மறுபடியும் ஆரம்பித்தார்கள். பதினைந்து. இந்தத் தடவை மெதுவாக. ஒரு சுற்று, ஒரு நிறுத்தம். சரியான சுற்று.

பிடித்தது. இரண்டு தடவை இருமி, அப்புறம் சீராக. பதினோரு வருஷம் கேட்ட சத்தம், வேறு எதோடும் குழம்பாது. பட்டறையில் யாரோ விசில் அடித்தார்கள். நான் திரும்பவில்லை. பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தேன்.

பத்தொன்பது.